லாக்ரொட்டேட்டில் 'சைஸ் 100எம்' போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு

"லாக்ரொட்டேட் போட்டுத்தானே வைத்திருக்கிறேன், அப்புறம் எப்படி டிஸ்க் நிரம்பியது?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். லினக்ஸ் சர்வர் எழுதும் லாக் (பதிவு) ஃபைல்களைப் பெயர் மாற்றி ஒதுக்கிவிட்டு (அதுதான் ரொட்டேட்), ரொம்பப் பழையதை அழிக்கும் புரோகிராம்தான் லாக்ரொட்டேட். இதே கேள்வி வேறு வேறு ஆட்களிடமிருந்து வருடக்கணக்காக வந்துகொண்டிருக்கிறது. இனி யார் கேட்டாலும் இதைக் காட்டிவிடலாம் என்று எழுதுகிறேன்.

இன்ஸ்டால் செய்வது, கான்ஃபிக் எங்கே இருக்கும் என்பதெல்லாம் தெரிந்ததுதான். முதலில் நியாயமாக நல்லதைச் சொல்லிவிடுகிறேன். டெபியன், உபுண்டு லினக்ஸ்களில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை ஏற்றினாலே அதற்கான லாக்ரொட்டேட் ஃபைலும் கூடவே வந்துவிடுகிறது: தினமும் ரொட்டேட் செய், 14 பழையவற்றை வைத்துக்கொள், சுருக்கி வை. அளவான டிராஃபிக் உள்ள சைட்டுக்கு அதைத் தொடவே வேண்டாம். சைட்டுக்கு வரும் கோரிக்கைகளைப் பதியும் ஆக்சஸ் லாக்கில் ஒரே மாதிரி வரிகள்தான் திரும்பத் திரும்ப வரும் என்பதால், சுருக்கும் கருவியான ஜிஜிப் அதை நன்றாகவே நசுக்கிவிடும். ரொட்டேட் ஆன உடனே சுருக்காமல் ஒரு சுற்று காத்திருக்கச் சொல்லும் டிலேகம்ப்ரஸ் இருக்கிறதே, அது அனுபவப்பட்டவர் யாரோ யோசித்து வைத்தது. பெயர் மாறிய பிறகும் சர்வர் கொஞ்ச நேரம் பழைய ஃபைலிலேயே எழுதிக்கொண்டிருக்கும், அந்த வரிகள் வீணாகாது.

சரி, இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். 'சைஸ் 100எம்' என்று எழுதினால் 100 எம்பியைத் தொட்டதும் ரொட்டேட் ஆகிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆகாது. லாக்ரொட்டேட் பின்னணியில் ஓடிக்கொண்டு ஃபைலைக் கண்காணிக்கும் புரோகிராமே இல்லை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டிவிடும் கிரானோ சிஸ்டம்டி டைமரோ எழுப்பினால் எழும், ஒவ்வொரு ஃபைலாகப் பார்க்கும், வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். வழக்கமான அமைப்பில் இது நாளைக்கு ஒரே ஒரு தடவை. காலையில் ஒரு பாட் (தானியங்கி புரோகிராம்) வந்து இல்லாத பக்கங்களையெல்லாம் விடாமல் தட்ட ஆரம்பித்தால், அல்லது யாரோ எரர் லாக்கை எல்லா விவரத்தையும் எழுதும் டீபக் லெவலில் விட்டுவிட்டுப் போயிருந்தால், நள்ளிரவுக்குள் அது 40 ஜிபி ஆனாலும் இதற்குத் தெரியாது. இதில் டெய்லி (தினமும்), சைஸ் (அளவு) இரண்டையும் எழுதினால் கடைசியில் எழுதியதுதான் செல்லும். நாள், அளவு இரண்டில் எது முதலில் எட்டினாலும் ரொட்டேட் ஆக வேண்டுமென்றால் மேக்ஸ்சைஸ். நாளும் ஆகியிருக்க வேண்டும், அளவும் எட்டியிருக்க வேண்டும் என்றால் மின்சைஸ். மூன்றையும் ஒரே மாதிரி பெயரில் வைத்துக் குழப்பியவரை ஒருநாள் சந்திக்க வேண்டும்.

மணிக்கு ஒரு தடவை ஓட விடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அங்கேயும் ஒரு முள். ரெட்ஹேட் வகை லினக்ஸ்களில் டேட்எக்ஸ்ட் என்ற ஆப்ஷன் இயல்பாகவே போட்டிருக்கும், பழைய ஃபைலின் பெயரில் தேதி சேரும், தேதி மட்டும்தான். அதே நாளில் இரண்டாவது முறை ரொட்டேட் செய்யப் போனால் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு விட்டுவிடும். அந்தத் தேதியின் வடிவத்தைச் சொல்லும் டேட்ஃபார்மட்டில் மணியையும் சேர்க்க வேண்டும். இதை டிஸ்க் நிரம்பிய பிறகுதான் பலரும் தெரிந்துகொள்கிறார்கள்.

நிரம்பிய பிறகு இன்னும் வேடிக்கை. சுருக்குவதற்கு இடம் வேண்டும், ஏனென்றால் ஜிஜிப் புது ஃபைலை எழுதி முடித்த பிறகுதான் பழையது போகும். காப்பிட்ரங்கேட் ஆப்ஷன் என்றால் முழு ஃபைலையும் நகலெடுத்த பிறகுதான் அசலைக் காலி செய்யும், அதற்கும் இடம் வேண்டும். தேவைப்படும் நேரத்தில்தான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

அந்தப் பதற்றத்தில், ஃபைலை அழிக்கும் ஆர்எம் கமாண்டை அடிப்பவர்கள் உண்டு. என் கூட வேலை செய்தவர் பெரிய ஃபைலை அழித்தார். ஃபைல்களின் அளவைக் கூட்டிக் காட்டும் டியு போட்டால் எல்லாம் சரியாகத் தெரிகிறது, டிஸ்க் எவ்வளவு நிரம்பியது என்று காட்டும் டிஎஃப் மட்டும் 100 சதவீதத்திலேயே நிற்கிறது. திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப்பை பிளஸ் எல் 1 சேர்த்து ஓட்டியதும் அந்த ஆக்சஸ் லாக், பக்கத்தில் 'டெலீட்டட்' என்ற குறிப்போடு, என்ஜின்எக்ஸின் பிடியில் வந்து நின்றது. பெயர்தான் போனது, திறந்து வைத்திருப்பவன் விடும்வரை இடம் திரும்பாது. லாக்கைத் திரும்பத் திறக்கச் சொல்லி என்ஜின்எக்ஸுக்கு யூஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்பியதும் இடம் வந்துவிட்டது. கான்ஃபிக்கில் ரொட்டேட் முடிந்ததும் ஓடும் போஸ்ட்ரொட்டேட் பகுதி செய்வதும் இதையேதான், அதனால் அந்த வரிகளை 'எதற்கு இது' என்று யாரும் எடுத்துவிடாதீர்கள். அவசரத்துக்கு ட்ரங்கேட் கமாண்டில் அளவைப் பூஜ்யமாக்குவதே நல்லது, அழிக்கவே வேண்டாம்.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று. எத்தனை ஃபைல் வேண்டும் என்று சொல்லலாம், எத்தனை நாள் பழையதுவரை வேண்டும் என்று மேக்ஸ்ஏஜில் சொல்லலாம், ஆனால் "இந்த டைரக்டரி மொத்தமாக 5 ஜிபியைத் தாண்டக் கூடாது" என்று சொல்ல வழியே இல்லை. சிஸ்டம்டியின் லாக் சேவையான ஜேர்னல்டி இதை யாரும் கேட்காமலே செய்கிறது: ஃபைல் சிஸ்டத்தில் 10 சதவீதம், அதுவும் 4 ஜிபிக்கு மேல் போகாது. டிஸ்க்கைக் காப்பாற்றத்தான் லாக்ரொட்டேட்டைப் போடுகிறோம், டிஸ்க்கில் எவ்வளவு மிச்சம் என்று மட்டும் இது பார்ப்பதில்லை.

அப்பாச்சி என்ற இன்னொரு வெப் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு ரொட்டேட்லாக்ஸ் இருக்கிறது. லாக்கை பைப் வழியாக அதுவே வாங்கி எழுதுகிறது, அதனால் 100 எம்பி என்றால் அங்கேயே அடுத்த ஃபைலுக்கு மாறிவிடும், சர்வருக்கு சிக்னலும் வேண்டாம். நான் கேட்டது அச்சு அசலாக அதுதான், சில காலம் வைத்தும் பார்த்தேன், சொன்னபடி நடந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தானாகச் சுருக்காது, பழையதைத் தள்ள ஃபைண்ட் கமாண்டைக் கிரானில் தனியாகப் போட வேண்டியிருந்தது. பிறகு அந்தக் கிரான் ஓடுகிறதா என்று பார்க்க ஒருவர் வேண்டும்.

மார்க் போடச் சொன்னால் லாக்ரொட்டேட்டுக்கு 10க்கு 4, இன்றைய மனநிலையில் அதுவே அதிகம். அப்பாச்சியையும் லாக்ரொட்டேட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். மணிக்கொரு தடவை டைமர், மேக்ஸ்சைஸ், தேதியோடு மணியும் சேர்ந்த பெயர், சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ஹெல்த் செக் வரிகள் லாக்கில் விழாமல் என்ஜின்எக்ஸிலேயே தடுப்பு, லாக்குகள் இருக்கும் வார்லாக் டைரக்டரிக்குத் தனி பார்ட்டிஷன். அடுத்த சர்வருக்கும் இதே ஃபைலைத்தான் காப்பி செய்யப் போகிறேன்.