குன்னூரில் பல்பைப் பிரித்துக் காட்டி விற்கும் கடை

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. குன்னூர் மார்க்கெட்டுக்குள் போய் "பல்பு பிரிக்கிற அண்ணன் கடை" என்று கேட்டால் காய்கறிக்காரர்களே கை காட்டுவார்கள். இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாத இடம். முன்னால் ஒரு கண்ணாடி மேஜை, பின்னால் கூரை வரை அட்டைப்பெட்டி, ஓரத்தில் செத்த பல்புகள் நிறைந்த ஒரு சாக்கு. அந்தச் சாக்குதான் இந்தக் கடையின் விசேஷம்.

நான் பக்கத்தில் ஒரு மாடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் பள்ளிக்கூட யூனிஃபார்ம், பிளேசர். இடையில் கொஞ்சம் பிளவுஸ். இந்த ஊரில் பகல் வெளிச்சத்தை நம்பித் தைக்க முடியாது. தென்மேற்கு மழை பிடித்துவிட்டால் மதியம் மூன்று மணிக்கே ஜன்னலுக்கு வெளியே மிஸ்ட் மட்டும்தான் தெரியும். காலையில் போட்ட லைட் ராத்திரி வரை எரியும். ஆகவே பல்பு எனக்குக் கத்தரிக்கோலுக்கு அடுத்த சாமான்.

மற்ற கடைகளில் போன பல்பைக் கொண்டுபோனால் வாரண்டி தேதியை மட்டும் பார்ப்பார்கள். இவர் முதலில் கேட்பது, "எங்க மாட்டியிருந்தீங்கம்மா?" ஹோல்டர் கீழ் நோக்கியா மேல் நோக்கியா, ஷேடு மூடியதா திறந்ததா, மின்சாரம் போய் வந்த நேரத்தில் போச்சா என்று வரிசையாகக் கேட்பார். வாங்க வந்தவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

ஒருநாள் மழையில் கூட்டம் இல்லை. என் பல்பையே எடுத்துப் பிரித்தார். வெள்ளை மூடியின் விளிம்பில் கத்தி முனையை விட்டு நெம்பினால் பசை விட்டுக்கொடுத்து மூடி கையோடு வந்துவிடுகிறது. உள்ளே வட்டமான ஓர் அலுமினியத் தட்டு. அதன் மேல் அரிசி அளவில் மஞ்சள் சதுரங்கள். அவைதான் எல்இடி. ஒன்றின் நடுவில் மட்டும் ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளி. திருவிழா சீரியல் செட் மாதிரி எல்லாம் ஒரே வரிசையில் இணைந்திருப்பதால், அந்த ஒன்று போனதும் மொத்த பல்பும் இருட்டு. தட்டு அலுமினியமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. எல்இடிக்குப் பின்பக்கம் பிறக்கும் சூட்டை இழுத்து வெளிக்கூட்டுக்குக் கடத்துவது அதுதான். நல்ல பல்பில் பிளாஸ்டிக் கூட்டுக்கு உள்ளேயும் ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கிறது. மலிவு பல்பில் தட்டு வெறும் பிளாஸ்டிக்கில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கச் சொன்னார். எடையிலேயே வித்தியாசம் தெரிந்தது.

தட்டுக்குக் கீழே, பல்பின் கழுத்துக்குள், டிரைவர் என்கிற சின்ன சர்க்யூட். வீட்டுக்கு வருவது 230 வோல்ட் ஏசி. எல்இடிக்கு வேண்டியது அளவான டிசி. ஏசியை டிசியாக்க நான்கு டையோடு சேர்ந்த ரெக்டிஃபையர், ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்ய உருளை வடிவக் கெபாசிட்டர், ஒரு காயில், கரண்டை அளந்து விடும் ஐசி, எல்லாம் கட்டைவிரல் அகலப் போர்டில் அடக்கம். "பல்பு போச்சுன்னா பாதி நேரம் லைட்டு நல்லாத்தான் இருக்கும், இதுதான் போயிருக்கும்" என்றார். சாக்கிலிருந்து இன்னும் இரண்டை எடுத்துப் பிரித்தார். ஒன்றில் கெபாசிட்டரின் தலை உப்பியிருந்தது. மற்றதில் போர்டே கருகியிருந்தது.

"குளிர் ஊர்தானே அண்ணே, இங்க எப்படிச் சூட்டுல போகும்?" என்று கேட்டேன். குளிர் எல்இடிக்கு நல்லதுதானாம். முன்பு இருந்த சிஎஃப்எல் விளக்குகள்தான் மார்கழிக் காலையில் மங்கலாக ஆரம்பித்து, சூடேறிய பிறகு பிரகாசமாகும். ஆனால் நம் ஊர்ப் பழைய வீடுகளில் பூச்சிக்குப் பயந்து மூடிய கண்ணாடி ஷேடுக்குள் பல்பைப் போடுகிறோம். உள்ளே காற்று அசையாது. வெளியே எத்தனை குளிர் இருந்தும் பயனில்லை. டிரைவரில் இருக்கும் அந்த உருளைக் கெபாசிட்டருக்குள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல வற்றும். சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் கணக்கு. மூடிய ஷேடில் போடாதே என்று பல பெட்டிகளில் அச்சடித்தே இருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற அளவு எழுத்தில்.

இரண்டாவது எதிரி ஈரம்: ஹோல்டரின் பித்தளைப் பின் பச்சை பூத்து, தொடர்பு விட்டு விட்டுக் கிடைக்கும். மூன்றாவது, மரம் விழுந்து கம்பி அறுந்து, சரிசெய்து மின்சாரம் திரும்பி வரும்போது வரும் ஏற்றம். அதைத் தாங்க 4 கேவி (4000 வோல்ட்) சர்ஜ் பாதுகாப்பு என்று போட்ட பல்பை எடுத்துத் தருவார். எல்இடி பல்புக்கான இந்தியத் தர எண்ணான ஐஎஸ் 16102 முத்திரை இல்லாத பல்பைக் கடையில் வைப்பதே இல்லை.

மலிவு பல்புகள் பலவற்றில் இப்போது தனி டிரைவரே கிடையாது. டிஓபி (டிரைவர் ஆன் போர்டு) என்கிறார்கள், எல்இடி இருக்கும் அதே தட்டில் நாலைந்து பாகங்களை ஒட்டிவிடுகிறார்கள். விலை குறைவு. ஆனால் எல்இடி சூடும் ஐசி சூடும் ஒரே தட்டில் சேரும். வோல்டேஜ் இறங்கினால் பல்பும் மங்கும். பெரிய கெபாசிட்டர் இல்லாததில் வெளிச்சம் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, தையல்காரிக்குத் தெரியும். மெஷின் வேகமாக ஓடும்போது ஊசி ஒன்று நாலைந்தாக உடைந்து தெரியும், விரல் எங்கே இருக்கிறது என்று சந்தேகம் வரும். போன் கேமராவை பல்புக்குக் காட்டினால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடும். அண்ணன் தயங்காமல் காட்டச் சொல்வார். தன் சரக்கையே அப்படிச் சோதிக்கச் சொல்லும் கடைக்காரரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

என் தொழிலுக்கு இதைவிட முக்கியம் நிறம். வெள்ளை எல்இடிக்குள் இருப்பது நீல ஒளி தரும் சில்லு. மேலே பூசிய மஞ்சள் பாஸ்பர் நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகிறது. அந்த நீல எல்இடிக்காகத்தான் 2014இல் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா மூவருக்கும் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். (இது காலேஜ் படிக்கும் என் மகள் சொன்னது. அண்ணனிடம் சொன்னேன், மூன்று பெயரையும் ஸ்கெட்ச் பேனாவில் எழுதிக் கல்லாவுக்கு மேல் ஒட்டிவிட்டார்.) இந்தக் கலவையில் சிவப்பு குறைச்சல். சாதாரண பல்புக்கு அடியில் மெரூன் பிளேசர் துணியும் பிரவுன் நூலும் ஒன்றுபோலத் தெரியும். வெளியே போய்ப் பார்த்தால் தையல் பல்லிளிக்கும். வீட்டுக்கு இதமான 3000 கெல்வின் (வெளிச்சத்தின் சாயலைச் சொல்லும் எண், கூடக்கூட நீலம்) வெளிச்சத்திலோ நேவி ப்ளூவையும் கறுப்பையும் பிரித்தறிய முடியாது.

அதற்குப் பல கடைகளில் சொல்லும் வழி, 6500 கெல்வின் வாங்கு என்பது. அது வெளிச்சத்தை நீலமாக்குமே தவிர, நிறத்தைச் சரியாகக் காட்டும் என்று அர்த்தமில்லை. நிறம் எவ்வளவு உண்மையாகத் தெரிகிறது என்பதற்கு சிஆர்ஐ என்று தனியாக ஓர் எண் இருக்கிறது, உச்சம் 100. சாதாரண பல்பு 80 சுற்றி. அண்ணன் எனக்குக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்துக் கொடுத்தது 4000 கெல்வின், சிஆர்ஐ 90க்கு மேல். வெட்டுமேஜைக்கு மேலே அதுதான் தொங்குகிறது. மெரூன் மெரூனாகத் தெரிகிறது. விலை சாதாரண பல்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல். எனக்கு அது கொடுக்கக்கூடிய காசு. பாத்ரூமுக்கும் மாடிப்படிக்கும் தேவையே இல்லை, அங்கே சாதாரண 9 வாட் போதும்.

மற்ற வகைகளும் உண்டு. பழைய பங்களாக்காரர்கள் கேட்கும் ஃபிலமென்ட் எல்இடி பார்க்க அழகு: கண்ணாடிக் குடுவைக்குள் மெல்லிய மஞ்சள் குச்சிகள், சூட்டைக் கடத்த உள்ளே ஹீலியம் கலந்த வாயு. டிரைவருக்கு இடம் அடிப்பகுதியில் மட்டும்தான், அதனால் மலிவானதை வாங்க வேண்டாம் என்கிறார். கரண்ட் போனாலும் எரியும் இன்வெர்ட்டர் பல்பில் லித்தியம் பேட்டரி இருக்கிறது. நான்கு மணி நேரம் என்று பெட்டி சொல்லும். என் கடையில் இருப்பது ஊசியில் நூல் கோர்க்கும் அளவு வெளிச்சத்தை அவ்வளவு நேரம் தருவதில்லை. படி இறங்கப் போதும். விற்கும் முன் அவரே இதைச் சொல்லிவிட்டார்.

ஒரு மூலையில் இன்னும் குண்டு பல்பு வைத்திருக்கிறார். சிரிக்க வேண்டாம். கம்பளித் துணி வைக்கும் அலமாரிக்குள் மழைக்காலம் முழுக்க ஒரு 40 வாட் குண்டு பல்பு எரிந்தால்தான் பூஞ்சை பிடிக்காது. அங்கே வேண்டியது வெளிச்சம் இல்லை, சூடு. எல்இடி அந்த வேலைக்கு ஆகாது.

குறைகள் இருக்கின்றன. பில் கேட்டால் முகம் கொஞ்சம் மாறும். கேட்டு வாங்குங்கள், வாரண்டிக்கு வேண்டும். ஆன்லைனைவிட பல்புக்குப் பத்து இருபது ரூபாய் கூடுதல். சொன்ன சரக்கு சொன்ன நாளில் வராது. ரிப்பேரும் செய்கிறார், ஆனால் கருகிய எல்இடியின் இரு முனைகளையும் ஈயம் வைத்து இணைத்துத் தரும் வேலையை நான் ஏற்கமாட்டேன். பல்பு எரியும், மிச்சமுள்ளவை கூடுதல் சுமை தாங்கிச் சீக்கிரம் போகும். அவரும் "இது தற்காலிகந்தான்" என்று சொல்லித்தான் தருகிறார். இதையெல்லாம் வீட்டில் நீங்களே செய்து பார்க்க வேண்டாம். டிஓபி தட்டில் மெயின் கரண்ட் நேராக ஓடுகிறது.

காலை பத்துக்குத் திறப்பார். மதியம் பூட்டினால் எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது. போகும்போது பழைய பல்பைக் கையோடு கொண்டுபோங்கள். ஹோல்டர் பின் டைப்பா ஸ்க்ரூ டைப்பா என்ற கேள்வியே வராது, சாக்குக்கும் ஒன்று சேரும்.