கொலம்பைன்: காட்டினமா, கலப்பினமா?

கொலம்பைன் என்னும் பூச்செடியை நடுவதென்று முடிவு செய்தபோது என் முன் இரண்டு தெரிவுகள் இருந்தன. ஒன்று, வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் பாறை இடுக்கிலும் மர நிழலிலும் தானாக வளரும் அக்விலேஜியா கனடென்சிஸ். மற்றொன்று, புதிய தோட்டச்செடி வகைகளுக்கு அமெரிக்காவில் வழங்கப்படும் விருதான ஆல்-அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருதை 1955-இல் பெற்ற மெக்கானா போன்ற தோட்டக் கலப்பினங்கள். இரண்டையும் வளர்த்துப் பார்த்த பின் காட்டினத்தையே வைத்துக்கொண்டேன்.

பூவின் அளவிலும் வண்ண வகையிலும் கலப்பினமே முந்தும். அதில் விவாதத்துக்கு இடமில்லை. காட்டினத்தின் அழகைக் காணச் செடியருகே குனிய வேண்டும். தலை கவிழ்ந்த பூவின் ஐந்து இதழ்களும் பின்னோக்கிச் சிவந்த குழல்களாக நீண்டு, நுனியில் சிறு குமிழாகத் திரள்கின்றன. தேன் இருப்பது அந்தக் குமிழில்தான். ரீங்காரச் சிட்டின் நீண்ட அலகுக்கும் நாவுக்கும் எட்டும் ஆழம் அது. மழைக்குப் பிறகு இலைமேல் நீர் ஒட்டாமல் முத்து முத்தாக நிற்பதும் தனி அழகு.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது பூ அன்று, விதை. கொலம்பைன் பெரும்பாலும் மூன்று, நான்கு ஆண்டுகளே நிலைக்கும் செடியாதலால், நாம் உண்மையில் தேர்ந்தெடுப்பது அதன் சந்ததியைத்தான். கலப்பினத்தின் விதையிலிருந்து எழும் கன்றுகள் தாயைப் போல் இருப்பதில்லை. என் பாத்தியில் இரண்டாம் தலைமுறையிலேயே வண்ணங்கள் மங்கிக் குழல்களும் குட்டையாயின. அதே பூ வேண்டுமென்றால் மீண்டும் செடி வாங்க வேண்டும். காட்டினமோ, நிமிர்ந்து காய்ந்த காய்களின் வாய் திறந்து, காற்றசையும் போதெல்லாம் பளபளக்கும் கரிய விதைகளைச் சிதறுகிறது. மண்ணால் மூடாமல் வெளிச்சம் படும்படி விட்டால், ஒரு குளிர்காலம் கழிந்ததும் அவை முளைத்துப் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் தாயின் சாயலிலேயே பூக்கின்றன. இரண்டையும் அருகருகே வளர்த்தால் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பதால்தான், கலப்பினங்களை வருத்தத்தோடு அகற்றினேன்.

இலைக்குள் வெண்கோடுகளாகத் துளைத்துச் செல்லும் புழு இரண்டுக்கும் வரும். காட்டினத்தில் சேதம் குறைவாகவே கண்டேன். அப்படிப்பட்ட இலைகளைப் பூத்து முடிந்ததும் வெட்டிவிட்டால் புதிதாகத் துளிர்க்கும். முழு வெயில் படும் பாத்தியில் கலப்பினத்தை நான் வளர்த்ததில்லை; அங்கே, ஆண்டுதோறும் புதுச்செடி வைப்பவருக்கு, அதுவே பொருத்தமாகவும் இருக்கலாம். மர நிழலில் நடுவோர் செடியைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குச் சருகை விலக்கி வெறும் மண்ணாக விட்டுவையுங்கள். ஆணிவேர் ஆழமாக இறங்கியபின் பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிதாகையால், கன்றுகளை நான்கு இலைப் பருவத்திலேயே இடம் மாற்றிவிடுங்கள்.