பள்ளிக்கரணையில் காலி மனைப் புதர் வெட்ட வந்த ஆட்கள்: வேலை எப்படி?

எங்கள் வீட்டை ஒட்டி 2 கிரவுண்டு காலி மனை ஒன்று இருக்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் ஆள் உயரத்துக்குப் புல் வளர்ந்து, பொங்கல் முடிந்ததும் மஞ்சளாகி, மாசியில் கையில் பிடித்தாலே நொறுங்கும் அளவுக்குக் காய்ந்துவிடும். நடுவில் சீமைக் கருவேலம், ஓரமெல்லாம் எருக்கு, ஆமணக்கு, மதிலுக்குப் பக்கத்தில் ஒரு பனை, அதில் கழுத்து வரைக்கும் தொங்குகிற காவோலை. இந்த வருடம் பக்கத்து வீட்டுக்காரர்களோடு சேர்ந்து மேடவாக்கம் பக்கமிருந்து புதர் வெட்டும் ஆட்களைக் கூப்பிட்டோம். அவர்களுக்குக் கடையோ பெயர்ப் பலகையோ கிடையாது. ஒரு மேஸ்திரி, அவரோடு நாலு பேர், இரண்டு பிரஷ் கட்டர் (புல்லும் புதரும் வெட்டும் கை மிஷின்), ஒரு குட்டி யானை வண்டி, அவ்வளவுதான். வேலை நன்றாகவே இருந்தது, ஒரு விஷயம் மட்டும் பிடிக்கவில்லை. இரண்டையும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பக்கம் எல்லோரும் பாம்புக்கும் கொசுவுக்கும் பயந்துதான் மனையைச் சுத்தம் செய்கிறார்கள், தீயை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை.

2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைக் கிடங்கு பற்றி எரிந்தபோது நாள்கணக்கில் புகையைச் சுவாசித்த பகுதி இது. அப்படியிருந்தும் "நம்முடையது கான்கிரீட் வீடு, புல் எரிந்தால் என்ன ஆகிவிடும்" என்று கேட்கிறார்கள். சுவர் எரியாது, சரி. சுவரில் மாட்டியிருக்கும் ஏசி அவுட்டோர் யூனிட் எரியும், பிவிசி பைப் உருகும், ஜன்னல் கண்ணாடி சூட்டில் விரிசல் விட்டு உடையும், பின்பக்கம் வைத்திருக்கிற கேஸ் சிலிண்டரைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டிருந்தால், தீ பக்கத்தில் வரவே தேவையில்லை, காற்றில் பறந்து வரும் ஒரு கங்கு போதும். அதோடு நம் ஊர்க் காற்றையும் சேர்த்து யோசியுங்கள். கோடையில் முற்பகல் முழுக்க மேற்கிலிருந்து வறண்ட தரைக்காற்று, அப்புறம் கடல்காற்று உள்ளே வந்ததும் திசை அப்படியே மாறிவிடும். பதினோரு மணிக்கு வீட்டை விட்டு விலகிப் போகிற தீ, இரண்டு மணிக்கு வீட்டைப் பார்த்துத் திரும்பலாம்.

மேஸ்திரி வந்ததும் மனைக்குள் போகவில்லை, முதலில் எங்கள் மதிலைச் சுற்றி நடந்தார். மதில் மேல் சாய்த்து வைத்திருந்த தென்னை மட்டை, சன்ஷேடு மேல் சேர்ந்திருந்த வேப்பஞ்சருகு, மாடித் தண்ணீர்க் குழாய் வாயில் அடைத்திருந்த இலை, பக்கத்து வீட்டில் ஜன்னலுக்குக் கீழே அடுக்கியிருந்த பழைய பலகை, எல்லாவற்றையும் காட்டி, "முதல்ல இதை எடுங்க சார், அப்புறம் மனையைப் பார்க்கலாம்" என்றார். இந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை நம்பினேன். மனையின் சொந்தக்காரர் கலிஃபோர்னியாவில் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் அனுமதி கேட்டபோது அவரும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். காட்டுத் தீ அபாயம் உள்ள பகுதிகளில் வீட்டைச் சுற்றி 100 அடிக்குச் செடிகொடிகளைக் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது. அதிலும் சுவரிலிருந்து முதல் 5 அடியைத் தனியாகப் பிரித்து, பற்றிக்கொள்ளக் கூடிய எதுவும் அங்கே இருக்கக் கூடாது என்று 2020-ல் இன்னொரு சட்டம் போட்டார்கள். 2018 நவம்பரில் அங்கே பாரடைஸ் என்ற ஊரே எரிந்து 85 பேர் செத்துப்போனார்கள். அப்படிப்பட்ட தீயில் பெரும்பாலான வீடுகளைப் பற்றவைப்பது முன்னால் பறந்து வந்து சருகிலும் கூரை இடுக்கிலும் விழுகிற கங்குதான், தீச்சுவர் மாதிரி வரும் பெருநெருப்பு இல்லை. அங்கே வீடெல்லாம் மரத்தில் கட்டியது, காடும் வேறு மாதிரி, அதனால் 100 அடியை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, இங்கே அவ்வளவு இடமும் கிடையாது. ஆனால் அந்த 5 அடி கணக்கு பள்ளிக்கரணைக்கும் செல்லும்.

வேலையைக் காலை ஆறு மணிக்கே ஆரம்பித்தார்கள், வெயில் ஏறுவதற்குள் மிஷினை நிறுத்திவிட்டார்கள். காரணம் கேட்டேன். தடித்த தண்டுக்கு இரும்பு பிளேடு போட்டு ஓட்டும்போது அது கல்லில் பட்டால் பொறி பறக்கும், காய்ந்த புல்லில் அது ஒன்றே போதுமாம். பனி ஈரம் இருக்கிற நேரத்தில் பிளேடு வேலை, வெறும் புல் இருக்கும் இடத்தில் நைலான் நூல். பெட்ரோல் தீர்ந்தால் மிஷினைத் தெருவில் கொண்டுவந்து தார் ரோட்டில் வைத்து, சூடு ஆறும் வரை உட்கார்ந்திருந்து, அப்புறம்தான் ஊற்றினார்கள். பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீரும் ஈரச் சாக்கும் இருந்தன. வெட்டுவதை எங்கள் மதில் பக்கமிருந்து ஆரம்பித்து வெளியே தள்ளிக்கொண்டே போனார்கள், பாம்பு இருந்தால் வீட்டுக்குள் வராமல் எதிர்ப்பக்கம் போய்விடும். புல்லையும் மண் தெரிய வழிக்கவில்லை, மூன்று நாலு விரல் உயரம் விட்டார்கள். மொட்டையாக வழித்தால் அடுத்த மழையில் மண் கரைந்து வடிகாலில் போய் அடைக்கும், வெறும் மண்ணில் களை இன்னும் வேகமாக வரும். இதெல்லாம் நாங்கள் கேட்டு வாங்கியது இல்லை, அவர்களாகவே செய்தது.

பனையைத் தொடாமல் காவோலையை மட்டும் கழித்தார்கள். சிலர் பனையையே வெட்டச் சொல்வார்கள், அது தப்பு, கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது, வெட்டத் தேவையும் இல்லை. தரையில் பற்றின தீ தொங்குகிற ஓலையைப் பிடித்து உச்சிக்கு ஏறி, அங்கிருந்து கங்கு பறப்பதுதான் ஆபத்து, அந்த ஏணியை எடுத்துவிட்டால் போதும். அதே கணக்கில் வேப்ப மரத்தின் தாழ்ந்த கிளைகளையும் தலைக்கு மேல் உயரம் வரைக்கும் கழித்துவிட்டு மரத்தை விட்டுவிட்டார்கள். நிழல் போகவில்லை, அது எனக்கு முக்கியம்.

சீமைக் கருவேலத்தில்தான் கொஞ்சம் குறை. தரையோடு வெட்டிவிட்டுப் போனார்கள், ஆடி மாதத்துக்குள் அடியிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். இது தரைக்குக் கீழே இருக்கும் அடிக்கட்டையிலிருந்து வருகிற மரம், ஒரு முழம் தோண்டிக் கட்டையோடு எடுத்தால்தான் ஒழியும். அதற்கு ஜேசிபி வேண்டும், அவர்களிடம் இல்லை, முதலிலேயே சொல்லியும்விட்டார்கள், அதனால் பெரிய குற்றமாக வைக்கவில்லை. கனமான கருவேல விறகை அவர்களே எடுத்துக்கொள்ளலாம் என்று பேசியதில் கூலியில் ஆயிரம் ரூபாய் குறைந்தது.

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது கடைசியில். வெட்டின புல்லையெல்லாம் மனை மூலையில் குவித்துவிட்டு, "ஓரமா கொளுத்திடலாம் சார், சாயங்காலம் அணைஞ்சிடும்" என்றார்கள். தீ வரக் கூடாது என்று காசு கொடுத்து வெட்டச் சொல்லிவிட்டு அதே இடத்தில் நாமே தீ வைப்பதா? குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதற்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் 5,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவு போட்டது, பெரிய அளவில் எரித்தால் 25,000. அபராதம் இல்லாவிட்டாலும் அந்தப் புகை எங்கள் தெருவில் இருக்கும் வீசிங் பிள்ளைகளின் மூச்சில்தான் போகும். ஒத்துக்கொண்டார்கள், ஆனால் ஏற்றிப் போக 3,000 தனியாகக் கேட்டார்கள், வெட்டுக்கூலி 7,500-க்கு மேல். முதலிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும். வெட்டிப் போட்ட காய்ந்த குவியல் நின்ற புல்லைவிட மோசம், அகற்றாத வேலை பாதி வேலைகூட இல்லை. பாதியை ஏற்றி அனுப்பினோம், மீதியை மரத்தடியில் பரப்பாமல் எங்கள் வீட்டுத் தோட்டக் குழியில் போட்டு மண் மூடி உரமாக்க விட்டிருக்கிறோம்.

கூப்பிட நினைப்பவர்களுக்கு: தை மாதக் கடைசிக்குள் கூப்பிடுங்கள். கத்திரி வெயிலில் மிஷின் ஓட்டுவதே ஆபத்து, அந்த நேரத்தில் ஆளும் கிடைக்காது. போகி நெருப்பு நடக்கிற நேரத்தில் புல் காய ஆரம்பித்திருக்கும், அதற்கு முன்னால் மதில் ஓர 5 அடியையாவது நீங்களே கையால் சுத்தம் செய்துவிடலாம், ஒரு அரிவாளும் துடைப்பமும் போதும். சொந்தக்காரர் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், சொந்தக்காரர் யார் என்றே தெரியாத மனை என்றால் சென்னை மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுங்கள். உங்கள் வீடு சதுப்பு நிலத்தை ஒட்டி இருந்தால் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கோரையைக்கூட வெட்டச் சொல்லாதீர்கள், அது காப்புக்காடு, 2022-லிருந்து ராம்சார் தளமும்கூட, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம். மேஸ்திரி இதில் சரியாக இருந்தார், எங்கள் தெருக் கடைசி வீட்டுக்காரர் கேட்டபோது முடியாது என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்.

வெட்டுக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், குப்பை அகற்றுவதற்கு இரண்டு. அடுத்த வருடமும் இவர்களையே கூப்பிடுவோம், ஏற்றுக்கூலியைச் சேர்த்தே ஒரே தொகையாகப் பேசிவிட்டு. கருவேலக் கட்டைக்கு மழைக்கு முன்னால் ஜேசிபி சொல்லியிருக்கிறோம்.