டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு தப்பு: திருத்த வைத்த அனுபவம்

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது 2021 ஜூனில். அடுத்த ஏப்ரலில் நெஞ்சுவலி வந்து, திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்து, ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். சிகிச்சையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்கு வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் "10 வருடங்களாகச் சர்க்கரை நோய் உள்ளவர்" என்று ஒரு வரி இருந்தது. அதைத் திருத்த வைப்பதற்குள் நான் பட்ட பாட்டையும், எது பலன் கொடுத்தது, எது கொடுக்கவில்லை என்பதையும் எழுதுகிறேன். இதே சிக்கலில் நிறையக் குடும்பங்கள் மாட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன்.

அந்த வரி ஏன் அவ்வளவு முக்கியம்? அப்பாவின் மருத்துவக் காப்பீடு 2019-இல் எடுத்தது. சர்க்கரை வந்தது அதற்குப் பிறகு. 10 வருடம் என்றால் பாலிசி எடுக்கும்போதே நோய் இருந்தது, அதை மறைத்துவிட்டார் என்று ஆகிவிடும். காப்பீட்டு நிறுவனமும் அதே காரணத்தைச் சொல்லித்தான் க்ளெய்மை நிராகரித்தது. வாழ்நாள் முழுக்க ஒருவரிடமும் பொய் சொல்லாத மனிதர் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு "நான் எதை மறைச்சேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பணத்தைவிட அதுதான் எங்களை உறுத்தியது.

முதலில் மருத்துவமனையின் விசாரணை மேஜைக்குப் போனேன். சம்மரியை வாங்கிப் பார்த்த ஊழியர், அந்த வரியை மாற்றி உடனே வேறு பிரதி எடுத்துத் தருவதாகச் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பழைய பிரதி ஏற்கெனவே காப்பீட்டு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. திருத்தியதற்கான அடையாளமே இல்லாத இன்னொரு பிரதியை அனுப்பினால், நாம்தான் ஏதோ தில்லுமுல்லு செய்துவிட்டோம் என்று நினைப்பார்கள். மருத்துவ ஆவணத்தைத் திருத்துவதற்கு என்று ஒரு முறை இருக்கிறது. பழையதை அழிக்கக் கூடாது. எது தவறு, எது சரி, எதை வைத்துத் திருத்தினார்கள் என்று எழுதி, தேதி போட்டு, பொறுப்பான மருத்துவர் கையெழுத்திட வேண்டும். அதே உள்நோயாளி எண் அதில் இருக்க வேண்டும். இப்படித்தான் வேண்டும் என்று எழுத்தில் கேட்டேன்.

அதற்கு ஆதாரம் வேண்டுமே. உண்மையில் என்ன எழுதினார்கள் என்று பார்க்க, சிகிச்சையின்போது டாக்டர்கள் எழுதும் குறிப்புகள் அடங்கிய கேஸ் ஷீட் தேவைப்பட்டது. மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில், எல்லாரும் எம்.ஆர்.டி. என்பார்கள், "அதெல்லாம் இன்சூரன்ஸ்காரங்க கேட்டாதான் கொடுப்போம் சார்" என்றார்கள். இங்கே ஒரு விஷயத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்த உதவியாளரோ கேட்டால், பெற்றுக்கொண்டதாக ஒப்புகை கொடுத்து 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். விதி எண் 1.3.2. அப்பா கையெழுத்துப் போட்ட கடிதத்தில் இந்த விதியைக் குறிப்பிட்டு, மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு ஒருவரும் மறுக்கவில்லை. ஜெராக்ஸ் செலவை மட்டும் கட்டச் சொன்னார்கள்.

கேஸ் ஷீட்டைப் பிரித்ததும் விஷயம் புரிந்துவிட்டது. அவசரப் பிரிவில் அப்பாவை முதலில் பார்த்த டியூட்டி டாக்டர் கையால் எழுதிய குறிப்பில் சர்க்கரை நோய்க்கு எதிரே 10/12 என்று இருந்தது. மருத்துவர்கள் மாதக் கணக்கை இப்படித்தான் சுருக்கி எழுதுவார்கள். கீழே 12 இருந்தால் மாதம், 52 இருந்தால் வாரம், 7 இருந்தால் நாள். அதாவது 10 மாதம். 2021 ஜூனிலிருந்து 2022 ஏப்ரல் வரை எண்ணிப் பாருங்கள், கச்சிதமாகப் பொருந்துகிறது. சம்மரியைத் தட்டச்சு செய்தவர் அதை 10 வருடமாக்கிவிட்டார். அப்பா சரியாகச் சொல்லியிருக்கிறார், டாக்டரும் சரியாக எழுதியிருக்கிறார். அதற்கு அடுத்த மேஜையில்தான் தப்பு நடந்திருக்கிறது.

நான் சேர்த்த ஆதாரங்களிலேயே வலுவானது இந்தப் பக்கம்தான். குடும்ப டாக்டரின் கடிதம், முதன்முதலில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எழுதிய சீட்டு, 2018-இல் கண்புரை அறுவைக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனை எல்லாம் கையில் இருந்தன. பாலிசி கொடுக்கும் முன் காப்பீட்டு நிறுவனமே எடுத்த பரிசோதனையில் எச்.பி.ஏ.1சி, அதாவது சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு, 5.5 என்று இருந்தது, 5.7-க்குக் கீழே இருந்தால் இயல்பு. இருந்தும், மாத்திரை சாப்பிட்டால் அளவு குறைவாகத்தான் காட்டும் என்று அவர்கள் வாதாட இடமிருந்தது. ஆனால் பிரச்சினை வருவதற்கு முன்பே, மருத்துவமனையே தன் கையால் எழுதி வைத்த குறிப்பை மறுப்பது கஷ்டம். இதய மருத்துவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். வருத்தம் தெரிவித்தார். தட்டச்சுப் பிழை என்று விளக்கி, திருத்தக் குறிப்பில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அவருடைய நேர்மைக்கு நான் என்றும் நன்றி சொல்வேன்.

அப்படியும் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு ஒத்துக்கொள்ளவில்லை. க்ளெய்ம் நிராகரிக்கப்பட்ட பிறகு யோசித்து வாங்கிய கடிதம் என்று பதில் வந்தது. அப்புறம் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போனோம். ஆம்புட்ஸ்மன் என்றால் எல்லாருக்கும் தெரியும். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, வக்கீல் வைக்கவும் முடியாது. முதலில் நிறுவனத்திடம் புகார் கொடுத்திருக்க வேண்டும். அவர்கள் நிராகரித்தாலோ, ஒரு மாதமாகப் பதில் சொல்லாமல் இருந்தாலோ, ஓராண்டுக்குள் இங்கே வரலாம். விசாரணையில் கேஸ் ஷீட்டின் அந்தப் பக்கத்தையும் சம்மரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது, பணமும் வந்தது. இவ்வளவு அலைச்சலில் நான் முழு மனதோடு பாராட்டும் அமைப்பு இது ஒன்றுதான். இன்னொன்று: 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஒரு நல்ல மாற்றம் கொண்டுவந்தது. பாலிசி தொடர்ந்து 5 ஆண்டுகள் நடப்பில் இருந்துவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, நோயை மறைத்தார் என்று சொல்லி க்ளெய்மை நிராகரிக்க முடியாது. முன்பு இது 8 ஆண்டாக இருந்தது.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். 2023-இல் நிமோனியாவுக்காக அதே மருத்துவமனையில் சேர்த்தபோது, புதிய சம்மரியிலும் அதே "10 வருடங்கள்" வந்து நின்றது. திருத்தக் குறிப்பு காகிதக் கோப்பில்தான் இருந்தது, கம்ப்யூட்டரில் ஏறவே இல்லை. முந்தைய சம்மரியின் வரலாற்றுப் பகுதியை அப்படியே புதியதில் இழுத்துக்கொள்ளும் வசதி மென்பொருளில் இருக்கிறது. அது வேலையை மிச்சப்படுத்துகிறது, தப்பையும் வளர்க்கிறது. 2024-இல் வேறொரு மருத்துவமனைக்குப் போனபோது, அங்கிருந்த டியூட்டி டாக்டர் பழைய சம்மரியைப் பார்த்துக் கணக்குப் போட்டு "12 வருடங்கள்" என்று எழுதினார். களை மாதிரி, வேரோடு பிடுங்காவிட்டால் பக்கத்து வயலுக்கும் போய்விடுகிறது. காகிதத்தில் திருத்தியதோடு விடாதீர்கள். கம்ப்யூட்டர் பதிவில் மாறியதா என்று திரையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

அந்த நிமோனியா சமயத்தில் இன்னொரு தப்பும் சேர்ந்துகொண்டது. ஆன்டிபயாடிக் மாத்திரையால் அப்பாவுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அதை "பென்சிலின் ஒவ்வாமை" என்று பதிந்துவிட்டார்கள். வயிற்றுப்போக்கு பக்கவிளைவு, ஒவ்வாமை வேறு. தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் எதுவும் அவருக்கு வரவில்லை. இதை நீக்கச் சொன்னால் "இருந்துவிட்டுப் போகட்டுமே, பாதுகாப்புதானே" என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அந்த முத்திரை இருந்தால் எளிய, பொருத்தமான மருந்தை ஒதுக்கிவிட்டு வேறு வீரியமான மருந்துக்குப் போவார்கள். பென்சிலின் ஒவ்வாமை என்று சொல்லப்படுபவர்களில் 10-க்கு 9 பேருக்குப் பரிசோதித்துப் பார்த்தால் உண்மையில் அது இருப்பதில்லை. கடைசியில் பொது மருத்துவர் ஒருவர் உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டு, "ஒவ்வாமை அல்ல, வயிற்றுப்போக்கு ஏற்பட்டது" என்று மாற்றினார். உங்கள் வீட்டில் யாருக்காவது உடம்பெல்லாம் தடித்தோ மூச்சு முட்டியோ இருந்தால் இந்த வழிக்குப் போகாதீர்கள். ஒவ்வாமை நிபுணரிடம் சோதித்துவிட்டுத்தான் நீக்க வேண்டும்.

மருத்துவப் பதிவுகளை இணைத்துப் பார்க்க அரசு கொண்டுவந்த ஆபா (ABHA) செயலியைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 14 இலக்க ஆபா எண் எடுத்து, மருத்துவமனைப் பதிவுகளை இணைத்துப் பார்த்தேன். எங்கே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஒரே இடத்தில் பார்க்க முடிவது உண்மையிலேயே உதவி. ஆனால் அதில் திருத்த முடியாது. பதிவு மருத்துவமனையிடம்தான் இருக்கிறது, செயலி நம் ஒப்புதலோடு அதை எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். தப்பை எழுதிய இடத்துக்கே போய்த்தான் ஆக வேண்டும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், நம் தரவைத் திருத்தக் கோரும் உரிமை 12-ஆம் பிரிவில் இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, இந்தப் பிரிவு நடைமுறைக்கு வர அங்கிருந்து 18 மாதம். அதுவரை மேலே சொன்ன 72 மணி நேர விதிதான் நமக்குக் கைகொடுக்கும்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். "எத்தனை வருஷமா சுகர் இருக்கு ஐயா?" என்று யார் கேட்டாலும், அப்பா வருடக் கணக்கே சொல்வதில்லை, "2021 ஜூன்லேருந்து" என்கிறார். அப்படியே எழுதச் சொல்லியும் கேட்கிறோம். மாதமும் ஆண்டும் இருந்தால் யாரும் கூட்டிக் கழித்துக் குழப்ப முடியாது. டிஸ்சார்ஜ் அன்று பில் கட்டுவதற்கு முன்பே சம்மரியின் வரைவை வாங்கிப் படித்துவிடுகிறோம், ஏனென்றால் அந்த நேரத்தில் ஒரு வரியை மாற்ற ஐந்து நிமிடம்தான் ஆகிறது. முதல் மருத்துவமனையின் கம்ப்யூட்டரில் இப்போது சரியான தேதி இருக்கிறது. "12 வருடங்கள்" என்று எழுதிய இடத்தில் மட்டும் இன்னும் மாறவில்லை. இதய மருத்துவரின் திருத்தக் குறிப்பையும் கேஸ் ஷீட் நகலையும் இணைத்துக் கடிதம் கொடுத்து, சீல் வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த செக்கப்புக்குப் போகும்போது திரையைக் காட்டச் சொல்லிக் கேட்பேன்.