70 இலட்சத்துக்குள் எது: பதியாத ஜப்பான் அல்ட்டோவா, ஊரில் ஓடிய விட்ஸா?

கையில் 70 இலட்சம் ரூபாவை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் கார் தேடினால், பேச்சு கடைசியில் இரண்டு இடத்தில்தான் வந்து நிற்கும். ஜப்பானில் கொஞ்சம் ஓடி, கப்பலில் வந்து, இன்னும் இலக்கத்தகடு விழாமல் நிற்கிற சின்னக் கார் ஒன்று. பத்து வருடமாக இந்த நாட்டு வீதிகளில் ஓடி, ஓரிரண்டு கை மாறிய சற்றுப் பெரிய கார் மற்றது. நாங்கள் இரண்டையும் பார்த்து இரண்டாவதை வாங்கினோம். எங்களைப் போலச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு அதுதான் சரி என்று நினைக்கிறேன். ஆனால் ஆளையும் விசாரித்து, வாகனத்தையும் தூக்கிப் பார்த்தால் மட்டுமே சரி.

நடுத்தர வயதில் ஒரு கார் ஏன் அகப்படுவதில்லை என்று பலர் கேட்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தப் பாவனைக் கார்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதி. ஓடிய காரைக் கொண்டுவருவதானால் மூன்று வயதுக்கு மேல் போகக்கூடாது. ஆகவே சந்தையில் நிற்பது பெரும்பாலும் ஒன்றில் 2020க்கு முன் வந்தது, இல்லாவிட்டால் இப்போது வந்தது. இடைப்பட்ட வயதில் ஒன்றைப் பிடிக்கலாம் என்று காத்திருப்பதில் பலன் இல்லை.

எங்கள் தேவை பெரிதல்ல. நான் தெல்லிப்பழையில் தாதியாக வேலை செய்கிறேன், வீடு மல்லாகத்தில். இரவுக் கடமை முடிந்து வர ஒரு வாகனம் வேண்டும். அப்பாவை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும். அவருக்கு முழங்கால் மடியாது. வருடத்தில் ஓரிரு தரம் கொழும்பு. அண்ணா கனடாவிலிருந்து ஒரு பங்கு தந்தார், மிச்சம் எங்கள் சேமிப்பும் லீசிங்கும்.

முதலில் பார்த்தது சுசுகி அல்ட்டோ. நல்ல வாகனம், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஜப்பானில் இந்த வகைக் கார்களுக்கு 660 சிசி, நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர் என்று எல்லை கட்டியிருக்கிறார்கள். அந்த எல்லைக்குள் என்ன செய்யலாமோ அதைச் சுத்தமாகச் செய்திருக்கிறார்கள். கதவைத் திறந்தால் புதுச் சீற்றின் மணம். முன்னால் ஏதாவது குறுக்கிட்டால் தானே பிரேக் பிடிக்கும். எங்கள் ஒழுங்கைகளில் திருப்ப இதைவிட வசதியான கார் இல்லை. சாவியைப் போட்டதும் ஒரு பெண் குரல் ஜப்பான் மொழியில் ஏதோ சொன்னது. அதிவேகப் பாதைக் கட்டண அட்டை போடவில்லை என்கிறதாம். வானொலி உள்ளூர் நிலையங்கள் எல்லாவற்றையும் பிடிக்காது, ஜப்பானின் எஃப்.எம் அலைவரிசை 76இல் தொடங்கி 95இல் முடிந்துவிடும், எங்களுடையது 108 வரை. இவை சின்ன விஷயங்கள், மாற்றிக்கொள்ளலாம்.

மாற்ற முடியாதது அதன் பழைய கதை. ஜப்பானில் ஏலத்துக்குப் போகும் ஒவ்வொரு காருக்கும் ஏலத்தாள் ஒன்று உண்டு. அதில் ஓடிய தூரமும், 4, 4.5 என்று மொத்தப் புள்ளியும், உள்பக்கத்துக்கு ஏ, பி, சி என்று ஒரு தரமும் இருக்கும். காரின் படம் போட்டு, எங்கே கீறல், எங்கே நெளிவு, எங்கே திரும்பப் பெயின்ட் என்று குறித்திருப்பார்கள். புள்ளிக்குப் பதிலாக ஆர் என்று இருந்தால் அடிபட்டுத் திருத்தியது. இறக்குமதிக் காரைப் பற்றி அயலில் யாரையும் கேட்க முடியாது. அதன் முழு வாழ்க்கையும் அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது.

அந்தத் தாளைக் கேட்டபோது விற்பனை நிலையத்தில் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார்கள். புள்ளி எழுதும் மேல் வலது மூலை படத்தில் இல்லை. அசலைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "அட்வான்ஸ் கட்டினால் எடுத்துத் தாறம் அக்கா" என்றார் அங்கு நின்ற தம்பி. சேசி (அடிச்சட்ட) இலக்கத்தையாவது தாருங்கள், இணையத்தில் காசு கட்டி நாங்களே ஏலத்தாளை எடுத்துப் பார்க்கிறோம் என்றோம். அதற்கும் முதலாளியைக் கேட்க வேண்டுமாம். பிறகு அழைப்பு வரவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி விடுதியில் கிளினிக் கொப்பி இல்லாமல் வருகிற நோயாளி மாதிரித்தான் அந்தக் கார். ஆள் திடமாகத் தெரியலாம், ஆனால் முன்னர் என்ன மருந்து எடுத்தார், என்ன சத்திரசிகிச்சை செய்தார் என்று தெரியாமல் ஊசி போட எனக்குத் துணிவு வராது.

எல்லா விற்பனை நிலையமும் அப்படி இல்லை. வேறோரிடத்தில் கேட்ட உடனே அசல் தாளைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார்கள். அங்கே இருந்தது சுசுகி வேகன் ஆர், விலை எங்களுக்கு எட்டவில்லை. சொல்கிற விலையோடு கணக்கு முடிவதுமில்லை. பதியாத வாகனம் என்றால் பதிவுச் செலவு, முழுக் காப்புறுதி, முதல் வருட வரிப்பத்திரம் எல்லாம் அதற்கு மேலே. நாங்கள் கொடுக்கும் காசில் ஒரு பெரிய பங்கு காருக்குப் போவதில்லை, வரிக்குப் போகிறது என்பதையும் மனதில் வைக்க வேண்டும். அதே காசில் ஊரில் ஓடிய கார் எடுத்தால் ஒரு படி பெரிய இயந்திரமும் அகலமான பின் சீற்றும் கிடைக்கும். அப்பாவின் காலுக்கு அந்தப் பின் சீற் எனக்கு முக்கியம்.

அடுத்து உள்ளூர்க் கார்கள். விலையைப் பார்த்து ஆசைப்படக்கூடாத ஒன்றிரண்டு உண்டு. ஹொண்டா ஃபிட் ஜீ.பி.5 பார்க்க வடிவு, ஓட்ட சுகம், ஆனால் அதன் இரட்டைக் கிளச் கியர்ப்பெட்டிக்காக ஜப்பானிலேயே பலமுறை வாகனங்களைத் திருப்பி அழைத்தார்கள். திருத்திய விபரம் கையில் இல்லாமல் எடுக்க வேண்டாம். ரொயோட்டா அக்குவா நல்லது, பெற்றோலிலும் மின்சாரத்திலும் ஓடும் ஹைபிரிட். ஆனால் ஹைபிரிட் பற்றரி பின் சீற்றுக்குக் கீழே இருக்கிறது, அதைக் குளிர வைக்கும் காற்றுவழி சீற்றின் பக்கத்தில். எங்கள் செம்பாட்டு மண் தூசி அந்த வலையில் அடைத்தால் பற்றரி சூடாகிச் சாகும். ஒருவர் கொண்டுவந்த அக்குவாவில் வலை முழுக்கச் சிவப்பாகவே இருந்தது. பற்றரியை ஸ்கான் பண்ணாமல் அக்குவாவுக்கு விலை பேசாதீர்கள்.

ரொயோட்டா விட்ஸ் அகப்பட்டது அளவெட்டியில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம். 2014ஆம் ஆண்டுக் கார், 1000 சிசி, மூன்று சிலிண்டர், ஹைபிரிட் இல்லை. 2015இல் ஜப்பானிலிருந்து வந்து கொழும்பில் ஒருவரிடம் இருந்தது, பிறகு இந்த ஆசிரியர் சேரிடம். அதாவது இதுவும் ஒரு காலத்தில் இறக்குமதிதான். ஜப்பான் ஏலத்தாளை சேர் இன்னும் கோவையில் வைத்திருந்தார். அதற்குப் பின்னால் சேர்விஸ் பற்றுச்சீட்டுகள் வரிசையாகக் குத்தியிருந்தன. மீற்றரில் இருந்த தூரத்தையும் ஒவ்வொரு சீட்டிலும் எழுதியிருந்த தூரத்தையும் என் கணவர் ஒன்றொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். ஓரிடத்திலும் பின்னுக்குப் போகவில்லை.

கட்டாயம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: 2022இல் இந்தக் காரை என்ன செய்தீர்கள்? பெற்றோல் இல்லாமல் மாதக்கணக்கில் நின்ற கார்கள் ஏராளம். பெற்றோலுக்குக் கியூஆர் பங்கீட்டு முறை வந்த பிறகும் கிழமைக்குச் சில லீற்றர்தான். சும்மா நின்ற காரில் ரயர் ஒரு பக்கம் தட்டையாகும், எலி வயரைக் கடிக்கும், பிரேக் இறுகும். சேர் யோசிக்காமல் பதில் சொன்னார்: "பிள்ளை, ரெண்டு நாளைக்கொருக்கா ஸ்டார்ட் பண்ணி முத்தத்துக்குள்ளயே முன்னுக்குப் பின்னுக்கு எடுப்பன்." அந்த ஒழுங்கையில் இருந்தவர்களிடமும் என் கணவர் மெதுவாக விசாரித்தார். அவர்களும் அதையே சொன்னார்கள். ஊரில் ஓடிய காரின் பெரிய வசதி இதுதான். கடைக்காரர், அயலவர், கராஜ்காரர் என்று கேட்க ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆனாலும் பேச்சை மட்டும் நம்பவில்லை. கோண்டாவில் பக்கம் எங்களுக்குத் தெரிந்த கராஜ் அண்ணையைக் கூட்டிப்போனோம். அவர் இப்படி வந்து பார்க்க 5,000 ரூபா எடுத்தார். இந்த முழுக் கொள்வனவிலும் மிகப் பயனாகச் செலவழித்த காசு அது. இயந்திரம் ஆறியிருந்த நேரம் பார்த்து முதலில் ரேடியேற்றர் மூடியைத் திறந்தார். மூடியின் உள்பக்கத்தை விரலால் துடைத்து, விரலை என்னிடம் காட்டினார். இயந்திரத்தைக் குளிரவைக்கும் கூலன்டின் இளஞ்சிவப்பு ஈரம், வேறொன்றும் இல்லை. "தங்கச்சி, இதில வெள்ளையா சுண்ணாம்பு படிஞ்சிருந்தா நாங்கள் இப்பவே வீட்ட போகலாம்" என்றார்.

யாழ்ப்பாணத்தில் கார் வாங்குபவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. கூலன்ட் குறைந்தால் ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிடும் பழக்கம் இங்கே பரவலாக உண்டு. கேத்தலின் அடியில் படிவது ரேடியேற்றருக்குள்ளும் படியும், குழாய்கள் ஒடுங்கும், ஒரு நாள் வவுனியா தாண்டுவதற்குள் இயந்திரம் கொதிக்கும். கரையோரப் பக்கம் சவர்த் தண்ணீரில் கழுவிய கார் என்றால் கறள் அடியிலிருந்து ஏறும். அண்ணை வாகனத்தை உயர்த்தி, சின்னச் சுத்தியலால் அடிப்பாகத்தைத் தட்டிக்கொண்டே போனார். பின் சில்லுக்கு மேலே ஓரிடத்தில் மட்டும் மேலோட்டமான கறள். ஜப்பான் காருக்கும் இந்தச் சோதனை தேவை. அங்கே பனி விழும் மாகாணங்களில் வீதிக்கு உப்புப் போடுவார்கள், அந்த உப்பு அடியில் ஒட்டும்.

பிறகு இருக்கைப் பட்டியை முடிவு வரை இழுத்தார். வெள்ளத்தில் மூழ்கிய கார் என்றால் பட்டியின் கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை இருக்குமாம். எவ்வளவு கழுவினாலும் அதை ஒருவரும் வெளியே இழுத்துக் கழுவுவதில்லை. பொனட்டைத் திறந்து மட்கார்ட் ஆணிகளின் தலையை ரோர்ச் அடித்துப் பார்த்தார். ஸ்பனர் பட்ட காயம் இருந்தால் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இடது பக்கம் இரண்டு ஆணியில் காயம் இருந்தது. சேரைக் கேட்டோம். மருதனார்மடம் சந்தியில் ஒரு ஓட்டோ உரசியது என்று ஒளிக்காமல் சொன்னார், காப்புறுதிக் கடிதமும் காட்டினார். ரயர்களில் நான்கு இலக்கத் திகதி உண்டு, முதல் இரண்டு கிழமை, பின் இரண்டு வருடம். முன் இரண்டும் 2019இல் செய்தவை. விலை பேசும்போது அதைச் சொல்லிக் குறைத்தோம்.

அப்பா ஒரு காலத்தில் ஏ40 என்ற பழைய ஒஸ்ரின் காரில் ஹயர் ஓடியவர். பெற்றோல் வராத தொண்ணூறுகளில், கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் எடுத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய தலைமுறை. அவர் இவ்வளவு சோதனையையும் கதிரையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் முன் சீற்றில் ஏறினார். வானொலியை நிறுத்தச் சொன்னார், ஏசியையும் நிறுத்தச் சொன்னார், கண்ணாடியைத் திறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டே வந்தார். "பின் இடது பக்கம் ஒரு புஷ் தேய்ஞ்சிருக்கு, மற்றதெல்லாம் சரி" என்றார். அண்ணை லிப்டில் பார்த்ததும் அதேதான், சில்லைத் தாங்கும் பகுதியில் இருக்கும் ரப்பர் வளையம்.

கடதாசி விஷயத்தில் இரக்கம் பார்க்க வேண்டாம். ஓப்பின் பேப்பரில், அதாவது வாங்குபவர் பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் வைத்த படிவத்தோடு வருகிற வாகனத்தை எவ்வளவு மலிவு என்றாலும் எடுக்காதீர்கள். வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் ஒன்றாக இருக்க வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் இலக்கத்தைக் கொடுத்து, லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். பெயர்மாற்றப் படிவங்களை ஒரே நாளில் இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்து முடித்துவிடுங்கள். சேரும் என் கணவரும் அப்படித்தான் செய்தார்கள், இடையில் தரகர் இல்லை.

இதையெல்லாம் சொன்னாலும், அல்ட்டோதான் பொருத்தமான ஆட்களும் இருக்கிறார்கள். வீட்டில் வாகனம் தெரிந்தவர் இல்லை, கராஜுக்கு அலைய நேரம் இல்லை, நகரத்துக்குள் மட்டும் ஓட்டம், ஆட்கள் இரண்டு மூன்று பேர்தான் என்றால், மூன்று வயதுக்குள் இருக்கும் ஒரு கார் நிம்மதி. ஆனால் அசல் ஏலத்தாளும் சேசி இலக்கமும் கையில் வராமல் ஒரு சதம்கூட அட்வான்ஸ் கட்ட வேண்டாம். புதிய மொடல்களுக்குப் பம்பரோ விளக்கோ உடைந்தால், ஸ்ரான்லி வீதி உதிரிப்பாகக் கடைகளில் உடனே கிடைக்குமா என்று வாங்க முன்னரே கேட்டுவிடுங்கள். விட்ஸுக்கு நாங்கள் கேட்ட சாமான் ஒன்றுக்கும் இல்லை என்ற பதில் வரவில்லை, ஒன்றைத் தவிர.

வாங்கியபின் முன் ரயர் இரண்டும் புதிது போட்டோம். அந்தப் புஷ், கியர் ஒயில், ஏசி வடிகட்டி மாற்றினோம். கறள் பிடித்த இடத்தைச் சுரண்டிப் பூச்சு அடித்தாயிற்று. மல்லாகத்துக்கும் தெல்லிப்பழைக்கும் இடையில் இந்தக் கார் குடிக்கிற பெற்றோல் என் சம்பளத்துக்குத் தாங்கும். சமிக்ஞையில் நிற்கும்போது மூன்று சிலிண்டரின் நடுக்கம் ஸ்டியரிங்கில் தெரியும். அது இந்த இயந்திரத்தின் இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. கடைகளில் இல்லை என்ற அந்த ஒரு சாமான், பின் இடது கதவின் ரப்பர். அது கொழும்பிலிருந்து வர வேண்டும், சொல்லி வைத்திருக்கிறோம்.