குடும்பக்கட்டுப்பாட்டு ஒப்பரேசன்: மனைவிக்கா, கணவனுக்கா?

இனிப் பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்த வீட்டில், அடுத்த கதை மனைவியின் ஒப்பரேசன் பற்றித்தான் இருக்கும். கிளிநொச்சிப் பக்கம் நான் பார்த்தவரை, கணவன் செய்யலாமே என்று யாராவது வாய் திறந்தால் எல்லோரும் பேச்சை மாற்றிவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தொடங்கியது. கடைசியில் நான்தான் வாசெக்டமி, அதாவது ஆணுக்கான ஒப்பரேசன், செய்துகொண்டேன். என்னிடம் இப்போது விசாரிக்க வருபவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெண்ணுக்குச் செய்யும் எல்.ஆர்.டி.யில் வயிற்றைத் திறந்து கருக்குழாய்களைக் கட்டி வெட்டுவார்கள். பெரும்பாலும் மயக்கமோ முதுகு ஊசியோ வேண்டும், வயிற்றுக் காயம் ஆற வேண்டும். ஆணுக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசிதான். விதைப்பையின் தோலில் சிறு துளை போட்டு இரண்டு விந்துக்குழாய்களையும் வெட்டி அடைப்பார்கள். அரை மணித்தியாலம்கூட எடுக்காது, அன்றைக்கே வீடு திரும்பலாம். ஊசி ஏறும்போது ஒரு சுரீர். பிறகு யாரோ உள்ளே நூலைப் பிடித்து இழுப்பதுபோல அடிவயிறு வரை ஓர் இழுவை. நான் மேலே சுற்றிய மின்விசிறியையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

குளக்கட்டில் வைத்து மச்சான் மெதுவாகக் கேட்டார், "பிறகு ஆம்பிளையா இருக்க ஏலுமோ?" ஏலும். விதை அப்படியே இருக்கிறது. ஆண் ஹோர்மோன் இரத்தத்தோடு போவது, அந்தக் குழாய் வழியாக அல்ல. ஆசையோ விறைப்போ குறையாது. வெளிவரும் விந்துத் திரவத்தில் உயிரணுவின் பங்கு மிகக் கொஞ்சம், மீதி வேறு சுரப்பிகளிலிருந்து வருவது. அதனால் அளவிலும் வித்தியாசம் தெரியாது.

ஆனால் ஒரு விஷயத்தில் எல்.ஆர்.டி.தான் முந்தும். அது செய்த உடனே பலன் தரும், வாசெக்டமி தராது. துருசை மூடினாலும் வாய்க்காலில் கிடக்கிற தண்ணீர் வடிய நேரம் எடுக்கும் அல்லவா, அதே கதைதான். குழாயில் ஏற்கெனவே தங்கிய உயிரணுக்கள் போய்முடிய மூன்று மாதம் அளவில் ஆகும். அதன் பிறகு விந்துப் பரிசோதனை செய்து, உயிரணு இல்லை என்று வந்தால்தான் சரி. இதைச் சொல்லாமல் விட்டு, மனைவி கர்ப்பமானதும் அவள் மேல் சந்தேகப்படுவது பெரிய பாவம்.

பரிசோதனையும் சரியாக வந்துவிட்டால் தவறும் வாய்ப்பு ஏறத்தாழ 2000 பேரில் ஒருவருக்கு. எல்.ஆர்.டி.யில் முதல் வருடத்திலேயே 200 பேரில் ஒருவருக்குத் தவறலாம், அப்படித் தவறினால் கரு குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்தும் உண்டு.

வாசெக்டமியில் தொல்லையே இல்லை என்று சொல்லமாட்டேன். வீக்கம், இரத்தக்கட்டு, கிருமித்தொற்று வரலாம். நூற்றுக்கு ஓரிருவருக்கு வலி மாதக்கணக்கில் நிற்கும். இரண்டு நாள் ஓய்வு, ஒரு கிழமைக்கு நெல்மூட்டை தூக்காமல், உழவு இயந்திரத்தில் ஏறாமல் இருப்பது, இறுக்கமான உள்ளாடை போடுவது, இவை கட்டாயம். நான் காலபோக நெல் வெட்டு முடிந்த கையோடு செய்தேன். விதைப்பு நேரத்தில் செய்திருந்தால் சும்மா இருந்திருக்கமாட்டேன்.

மனைவிக்கு எப்படியும் சிசேரியன் என்றால், வயிறு திறக்கும் அதே நேரத்தில் அவருக்கு எல்.ஆர்.டி. செய்வதே சுகம், அவர் மனதாரச் சம்மதித்தால். மற்றப்படி என் தெரிவு கணவன்தான்.

இரண்டுமே நிரந்தரம். திரும்ப இணைக்கும் சத்திரசிகிச்சை இருக்கிறது, ஆனால் வருடம் போகப் போக வாய்ப்புக் குறையும். 2004 ஆழிப்பேரலையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த நாகபட்டினத்துத் தாய்மார் அந்தச் சிகிச்சைக்காகப் போனதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2009 போரைக் கடந்து வந்த வன்னிக் குடும்பத்துக்கு அந்தப் பயத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. மனதில் துளி சந்தேகம் இருந்தாலும் ஒப்பரேசனை விடுங்கள். கருப்பைக்குள் பத்து வருடம் வரை நிற்கும் செப்பு லூப், ஐந்து வருடத்துக்குக் கைக்குள் வைக்கும் ஜடெல் குச்சி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் டெப்போ ஊசி என்று வேறு வழிகள் உண்டு. ஆனால் மூன்றும் அவளுடைய உடம்பில்தான். ஆணிடம் இருக்கும் மாற்று ஆணுறை ஒன்றுதான். பாலியல் நோயிலிருந்து காப்பதும் அதுதான், வாசெக்டமி காப்பாற்றாது.

2013இல் எங்கள் கிளிநொச்சி மாவட்டத்து வேரவில், கிராஞ்சி, வலைப்பாட்டுப் பெண்கள் சரியான விளக்கம் இல்லாமலே தங்கள் கைக்குள் குச்சி வைத்ததாக முறையிட்டார்கள். ஆணோ பெண்ணோ, யாரும் அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்க விடக்கூடாது. மருத்துவமாதுவிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ இருவருமாகப் போய்க் கேளுங்கள்: எங்கே செய்வார்கள், வீங்கினால் யாரிடம் வருவது, பரிசோதனைக்கு எந்தத் திகதி. எனக்கு அந்தத் திகதியை மனைவிதான் கலண்டரில் வட்டம் போட்டு வைத்தாள். முடிவு கையில் வரும்வரை அலுமாரியில் ஆணுறைப் பெட்டியும் இருந்தது.