சோலாரா, கீசரா, ஹீட் பம்பா? குமரி மாவட்ட வீடுகளுக்கு ஒரு கணக்கு

முதலில் பார்க்க வேண்டியது கம்பெனி பெயரை அல்ல, வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை வாளி சுடுதண்ணீர் செலவாகிறது என்பதை.

மாடித் தொட்டித் தண்ணீர் இங்கே சுமார் 27 டிகிரி. குளிக்க 40 டிகிரி போதும். நாலு பேர், ஆளுக்கு 20 லிட்டர் வாளி ஒன்று என்றால் தேவைப்படும் வெப்பம் 1.2 யூனிட்தான். குளிப்பதற்கு முன் 25 லிட்டர் கீசரைப் போட்டு, முடிந்ததும் அணைக்கிற வீட்டில் இழப்பையும் சேர்த்து ஒன்றரை யூனிட் ஆகலாம். ஹீட் பம்ப் என்பது வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்கு ஏற்றும் இயந்திரம்; ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 3 யூனிட் வெப்பம் தரும். ஆனால் அதன் 200 லிட்டர் தொட்டி நாள் முழுக்கச் சூட்டை இழந்துகொண்டே இருக்கும். கடைசியில் மிச்சம் ஒரு யூனிட்கூட வராது. கீசரைப் போலப் பல மடங்கு விலை கொடுக்க இது காரணமாகாது.

ஷவரில் குளிக்கிற பத்துப் பேர் உள்ள கூட்டுக் குடும்பத்திலோ கன்னியாகுமரி பக்கத்து ஹோம்ஸ்டேயிலோ கதை வேறு. ஆளுக்கு 40 லிட்டர் என்றால் கீசருக்கு 6 யூனிட், ஹீட் பம்புக்கு 2 சொச்சம். இரண்டு மாதத்தில் 200 யூனிட்டுக்கு மேல் குறையும். வீட்டு இணைப்பில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், முதல் யூனிட்டுகளுக்கான கீழ்ப்படியின் (ஸ்லாப்) சலுகை விலையும் போய்விடும் என்பதால், அந்த எல்லையில் நிற்கும் வீடுகளுக்கு ஆதாயம் இன்னும் கூடுதல்.

வெயில் இருந்தால் சோலார் ஹீட்டரை எதுவும் மிஞ்சாது. ஆனால் ஜூனில் தென்மேற்கு மழை, அக்டோபரில் வடகிழக்கு மழை என்று குமரிக்கு இரண்டு பருவம். சுடுதண்ணீர் அதிகம் தேடும் நாட்களில்தான் வானம் மூடியிருக்கும். குலசேகரம், திற்பரப்பு பக்கம் தென்னையும் ரப்பரும் மாடிக்கு நிழல் போடும். ஓட்டு வீட்டில் நிறுத்தவே இடமில்லை. ஹீட் பம்புக்கு வெயில் வேண்டாம், 24 டிகிரிக் காற்று போதும். நம் ஈரக்காற்று, ஹீட் பம்பில் காற்றுபடும் மெல்லிய தகடுகளான ஃபின்னில் நீராகப் படியும்போது அந்த வெப்பத்தையும் அது எடுத்துக்கொள்ளும். அதனால் சொட்டுகிற தண்ணீர் கசிவு அல்ல. அதற்கு ஒரு டிரெயின் குழாய் போட்டால் போதும்.

தேங்காய்த் தொண்டும் (மட்டை) கொதும்பும் (பாளை) சும்மா கிடக்கும் வீட்டில் விறகு பாய்லரைக் கழற்ற வேண்டாம். பேறுகாலத்துக்குப் பச்சிலை போட்டுக் கொதிக்க வைக்கும் வேதுத் தண்ணீரை, 55 டிகிரிக்குச் சூடாக்கும் ஹீட் பம்ப் தராது.

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கரையோரத்தில் ஹீட் பம்பின் எதிரி உப்புக்காற்று. அலுமினிய ஃபின் வெளுத்துப் பொடியாக உதிரும். அரிப்புத் தடுப்புப் பூச்சு உள்ள ஃபின்னைக் கேட்டு வாங்குங்கள்; கடல் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள். மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்துக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் அடித்தால் ஃபின் மடங்கிவிடும். கிணற்று நீர் உப்பாக இருந்தால் 304 ரக ஸ்டீல் தொட்டியில் புள்ளி புள்ளியாய் ஓட்டை விழும். எனாமல் பூசி, தொட்டிக்குப் பதிலாகத் தான் கரையும் மக்னீசியக் கம்பி (ஆனோடு) வைத்த தொட்டியே மேல். ஆனோடை ஆண்டுக்கொருமுறை கழற்றிப் பார்த்து, பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். இதை மறந்தால் அடுத்துக் கரைவது தொட்டிதான். சுண்ணாம்பு படியும் தண்ணீருக்கு, தொட்டிக்குள் சூடேற்றும் சுருள் இறங்காமல் வெளியே சுற்றியிருக்கும் மாடல் நல்லது.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் விசிறியின் வாய் காற்றுக்கு எதிரே நிற்கக் கூடாது. எங்கே வைத்தாலும் பின்னால் ஒரு சாண், முன்னால் ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள். மூடிய சிற்றறையில் வைத்தால் தான் விட்ட குளிர்காற்றையே மறுபடி இழுத்துத் திணறும். மின் கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, சரியான எர்த், இடி மழையில் மின்னழுத்தம் எகிறினால் காக்கும் ஒரு சர்ஜ் புரொடெக்டர் கட்டாயம்.

வெப்பத்தை 50 முதல் 55 டிகிரிக்குள் வையுங்கள். வாரம் ஒருமுறை 60க்கு ஏற்றினால் தேங்கிய நீரில் கிருமி வளராது. டைமரை நண்பகலுக்கு வைத்தால் காற்று சூடாக இருக்கும்போதே வேலை முடியும். கூரையில் சோலார் பேனல் இருந்தால் அந்த மின்சாரமே போதும்.

வாங்கியும் பில் குறையவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உள்ளே இருக்கும் துணை மின் ஹீட்டரை. ‘ஆட்டோ’வில் விட்டால் அது அடிக்கடி எரியும், அப்போது வீட்டில் இருப்பது விலை கூடிய கீசர். அடுத்து ஃபின் அழுக்கு. ‘கேஸ் (உள்ளே சுற்றி வெப்பத்தைக் கடத்தும் வாயு) தீர்ந்துவிட்டது’ என்று மெக்கானிக் சொன்னால் கசிவு எங்கே என்று கேளுங்கள். சீல் செய்து மூடிய குழாயில் கேஸ் தானாகத் தீராது. ஓட்டையை அடைக்காமல் நிரப்பினால் சில மாதத்தில் அவரே திரும்பி வருவார்.